‘வயசானா அப்படித்தான்’: பட்டாசு மண்ணில் பெற்றோரின் மறதி

விடியற்காலை நான்கு மணிக்கு என் அம்மா எழுந்து தூக்குவாளியைத் தேடுகிறார். “வெள்ளென கிளம்பணும், ஆபீஸ் வண்டி வந்துரும்” என்கிறார். விருதுநகர் மாவட்டத்தில், எங்கள் ஆனைக்குட்டம் பக்கத்தில், ஆபீஸ் என்றால் தீப்பெட்டி ஆபீஸ், இல்லையென்றால் வெடி ஆபீஸ். அம்மா அங்கே வேலைக்குப் போவதை நிறுத்திப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டி வராது என்று சொன்னால் கோபம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் எதற்காக எழுந்தோம் என்பதும் மறந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இது ஒரே நாளில் வரவில்லை. முதல் பிசகு கணக்கில் தெரிந்தது. தீப்பெட்டி வேலையில் 144 சேர்ந்தால் ஒரு குரோஸ். ஒன்பது வயதில் குச்சி அடுக்கப் போனவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், அந்தக் கணக்கை மட்டும் வாழ்நாளில் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆபீசுக்குப் போவதை நிறுத்திய பிறகும் வீட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள், எத்தனை குரோஸ் கொடுத்தோம் என்று ஒரே மணி நேரத்தில் மூன்று தடவை கேட்டார். நாங்கள் சிரித்தோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், மாமா சொன்னார், கடைசியில் நாங்களே சொல்லிக்கொண்டோம்: “வயசானா அப்படித்தான்.”

அந்த ஒரு பேச்சு எங்களுக்கு ஒன்றரை ஆண்டைத் தின்றது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் இன்றும் தின்றுகொண்டிருக்கிறது. ஆறுதல் போலக் காதில் விழும் அந்தப் பேச்சு, குணப்படுத்தக்கூடிய நோயை மறைக்கிறது. பார்த்துக்கொள்கிறவரைத் தனியாக விடுகிறது. இந்த மாவட்டத்தில் அது போய்ச் சேர்ந்த கடைசி இடத்துக்கு ஒரு பெயரும் உண்டு. பெற்றோரின் நினைவு தேய்வதைப் பற்றி மருத்துவம், தொழில், குடும்பம், சட்டம் ஆகிய நான்கு பக்கமிருந்தும் தெரிந்ததைத் திரட்டி, அந்தப் பேச்சை எடைபோடுவதே இந்தக் கட்டுரை.

மறதி எது, நோய் எது

வயது கூடினால் நினைவு கொஞ்சம் மெதுவாகும். பெயர் நாக்கு நுனியில் நிற்கும், பிறகு வரும். குழம்புக்கு உப்புப் போட மறப்பது அந்த வகை. நாற்பது ஆண்டுகளாக வைத்த குழம்பை எப்படிக் கூட்டுவது என்று தெரியாமல் அடுப்பின் முன்னே திகைத்து நிற்பது வேறு வகை. சந்தையில் ஒரு சாமானை வாங்க மறந்து வருவது வயது. சந்தைக்குப் போய் வந்ததையே மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, காசை எண்ண முடியாமல் போவது, குணமே மாறிப்போவது ஆகியவை நோயின் அடையாளம். அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த முடியாத அளவுக்கு நினைவும் அறிவும் குலையும்போது மருத்துவர்கள் அதை டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்று எழுதுகிறோம். ஊரில் ‘புத்தி தடுமாறிருச்சு’, ‘சின்னப்பிள்ளையா மாறிட்டாக’ என்பார்கள். கேரளத்தில் கிராமத்துக் குடும்பங்கள் இதைச் ‘சின்னன்’ என்று அழைத்ததை ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். அதுவும் குழந்தைத்தனத்தைக் குறிக்கும் சொல்தான்.

இந்நோயின் வரலாறே அந்த ‘வயசானா’ பேச்சுக்கு மறுப்பு. 1901-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவரிடம் வந்த அகஸ்தே டேட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. தன் பெயரையே எழுதி முடிக்க இயலாமல் தவித்தார். 1906-இல் அவர் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அல்சைமர், செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டார். 1910-இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். ஆக, இந்நோயை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவர் கிழவியே அல்ல.

டிமென்ஷியாவில் 60 முதல் 70 விழுக்காடு வரை அல்சைமர். அடுத்தது ரத்தக் குழாய் அடைப்பால் வருவது. இது படிப்படியாக, ஒவ்வொரு சிறு பக்கவாதத்துக்கும் ஒரு படி இறங்கும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி வகையும், மறதிக்கு முன்பே குணத்தைக் குலைக்கும் நெற்றிமடல் வகையும் உண்டு.

இந்தியாவில் நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக அது கணித்தது. 2036-இல் இது 1 கோடியே 69 லட்சமாகும் என்றது. ஆண்களைவிடப் பெண்களிடம், நகரத்தைவிடக் கிராமத்தில், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடம் இது அதிகம் என்றும் கண்டது. அந்த 7.4-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அறுபதைத் தாண்டிய நூறு பேரில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு இது இல்லை. வயதே காரணமென்றால் அத்தனை பேரும் எப்படித் தப்பினார்கள்?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி அவசரமானது. 2021-இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் முதியோர் என்று கணிக்கப்பட்டது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2031-இல் இது 18.2 ஆகும். பிள்ளைகள் குறைந்த வீட்டில் பெரியவர்கள் கூடப்போகிறார்கள்.

திரும்பி வரும் நினைவு

நினைவு குலைந்தவர் எல்லோருக்கும் அல்சைமர் இல்லை. சிலருடைய மறதிக்குப் பின்னால் மருந்தால் சரியாகும் காரணம் ஒளிந்திருக்கும். ‘வயசானா அப்படித்தான்’ என்ற பேச்சு செய்யும் முதல் கொடுமை இங்கேதான்.

வைட்டமின் பி12 குறைந்தால் நினைவு மங்கும், கால் மரத்துப்போகும். நீரிழிவுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறை வர வாய்ப்பு அதிகம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மந்தம் வரும். துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு அப்படியே மறதி போல வேடமிடும். “ஒண்ணும் ஞாபகமில்ல” என்று அவரே வந்து சொல்வார், சாப்பாடு இறங்காது, தூக்கம் கெடும். தூக்க மாத்திரைகளும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் முதியவர்களின் அறிவைக் குழப்பும். வழுக்கி விழுந்து தலையில் பட்ட அடியால் மூளைக்கு மேலே மெல்ல ரத்தம் கட்டி, சில வாரம் கழித்துத் தடுமாற்றமாக வெளிப்படுவதும் உண்டு. அறுவை செய்து அந்த ரத்தத்தை எடுத்தால் மனிதர் மீண்டுவிடுவார். மூளைக்குள் நீர் சேர்ந்தால் நடை தளர்வது, சிறுநீர் அடங்காமல் போவது, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து வரும். இதற்கும் சிகிச்சை உண்டு.

வேகத்தைக் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் வருவது ஒன்று. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று காலை ஆளைத் தெரியாமல் உளறினால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடலில் நீர் வற்றுவது, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ குறைவது என்று ஏதோ ஒன்று உடலுக்குள் நடக்கிறது. நம் கோடையில் வியர்த்துக் களைத்த முதியவருக்கு இது எளிதில் வரும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய் கோணுவது, ஒரு கை தொய்வது, பேச்சுக் குழறுவது சேர்ந்து தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

அம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பி12 குறைந்திருந்தது, ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. ஊசியும் மாத்திரையும் போட்டபின் நடை தெளிந்தது, பகல் தூக்கம் குறைந்தது. மறதி முழுதும் போகவில்லை. ஸ்கேனும் அடுத்தடுத்த பரிசோதனைகளும் அல்சைமர் என்று காட்டின. சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டுக்கு முன்பே போயிருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் எனக்குத் தேயாமல் இருக்கிறது.

எழுதத் தெரியாதவரின் நினைவை அளப்பது

உலகெங்கும் புழங்கும் நினைவுத் தேர்வு 1975-இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும் வெளியிட்டது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்று கேட்கும். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் நல்ல நினைவோடு இருந்தும் இதில் தோற்பார்.

இந்த அநீதியைக் களைய முயன்றவர்களில் 1998-இல் உருவான 10/66 ஆய்வுக் குழு முக்கியமானது. உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள். நோயாளியிடம் கேட்பதோடு நிறுத்தாமல், கூட இருப்பவரிடமும் விரிவாகக் கேட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை அவர்கள் கையாண்டார்கள். கிராமத்தில் நோயைக் கண்டறிய வேலூரில் உருவாக்கிய கேள்விக் கருவிகள் 2009-இல் வெளியாயின.

இதிலிருந்து குடும்பத்துக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. படிக்காத தாயிடம் பிரதமர் பெயரைக் கேட்டு முடிவுகட்டக் கூடாது. அவர் கை எதில் தேர்ந்ததோ அதில் பார்க்க வேண்டும். சரம் பின்னியவர் பின்னலைத் தப்பவிடுகிறாரா, கூலிக் கணக்கை விரலில் போட்டவர் தடுமாறுகிறாரா, ஆடு மேய்த்தவர் உருப்படியை எண்ணத் திணறுகிறாரா, சீட்டுப் பிடித்தவர் யார் எவ்வளவு தரணும் என்பதைக் குழப்புகிறாரா? எதை இழந்தார், எப்போதிலிருந்து என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்கு அது பாதிப் பரிசோதனை.

இந்த மண் மூளைக்குச் செய்தது

மறதி நோயில் எவ்வளவு தடுக்கக்கூடியது? லான்செட் மருத்துவ இதழ் ஆணையத்தின் 2024 அறிக்கை 14 காரணிகளைச் சொல்கிறது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. இளமையில் கல்வி குறைவது, காது மந்தம், பார்வைக் குறை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகை, மது, உடற்பருமன், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, காற்று மாசு ஆகியவை அந்தப் பதினான்கு. பட்டியலைப் படிக்கும்போது எங்கள் ஊர்த் தெருக்கள் கண்முன் வந்தன.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். வானம் பார்த்த பூமிக்கு அந்தத் தொழில் சோறு போட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிஞ்சு விரல்களும் போயின. பள்ளி செல்லும் பருவத்தில் புத்தி வளரும்போது மூளை ஒரு சேமிப்பைக் கட்டுகிறது. பின்னாளில் நோய் தின்னத் தொடங்கும்போது அந்தச் சேமிப்பு தாக்குப்பிடிக்கும். விருதுநகரில் பிறந்த காமராஜர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரை பள்ளிகளைத் திறந்ததும் மதிய உணவு போட்டதும் படிப்புக்கு மட்டும் செய்த உதவி என்று நினைத்திருந்தோம். எழுபதாவது வயதின் நினைவுக்கும் அது உரம் என்று இப்போது தெரிகிறது. அந்த உரம் எட்டாத குழந்தைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல்தான் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பர் 10-இல். அதற்கெல்லாம் முன்பே ஆபீசுக்குப் போனவர்கள்தாம் இன்றைய முதியவர்கள்.

அடுத்தது காது. அச்சு இயந்திர இரைச்சலிலும் வெடிச் சத்தத்திலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் காது மந்தமாவதை நாம் நோயாகவே எண்ணுவதில்லை. காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், மறதிக்கான அபாயம் அதிகமுள்ள பிரிவினருக்குக் காது கருவி கொடுத்தபோது மூன்று ஆண்டுகளில் அறிவுத்திறன் தேய்வு 48 விழுக்காடு மெதுவானது. அபாயம் குறைந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பட்டாசுக்குச் சேர்க்கும் அலுமினியத் தூளில் புழங்கியதால் மூளை கெடுமா? அலுமினியத்துக்கும் அல்சைமருக்கும் தொடர்பிருக்கலாம் என்ற ஐயம் 1960-களில் முயல்களின் மேல் நடந்த சோதனையிலிருந்து கிளம்பியது. பாத்திரத்தாலோ சாப்பாட்டாலோ அல்சைமர் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனால் மூச்சில் இழுக்கும் தூள் வேறு கதை. கனடாவின் ஒண்டாரியோ மாநிலச் சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, நுரையீரலைக் காக்கும் என்று நம்பி, தொழிலாளர்களை மெக்கின்டயர் பவுடர் என்ற அலுமினியத் தூளைச் சுவாசிக்க வைத்தார்கள். 1990-இல் லான்செட்டில் வந்த ஆய்வு, அவர்களின் அறிவுத்திறன் தேர்வு மதிப்பெண் குறைந்திருப்பதைக் காட்டியது. 2020-இல் அவர்களிடம் பார்க்கின்சன் நோய் கூடுதலாக இருப்பதும் தெரிந்தது. பிறகு அதைத் தொழில்சார் நோயாகவே அந்த அரசு ஏற்றது. ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் ஓயாமல் கேட்ட கேள்வியே அந்த ஆய்வுக்குத் தூண்டுகோல். விருதுநகர் மாவட்டத்துத் தொழிலாளர்களையும் முதுமை வரை பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு வேண்டும். அது வரும்வரை முகமூடியும் காற்றோட்டமும் ஆண்டுதோறும் உடல் பரிசோதனையும் நாம் உரிமையோடு கேட்கக்கூடியவை.

மருந்து எவ்வளவு தூரம்

டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் ஆகிய மருந்துகள் நோயைப் போக்குவதில்லை. சிலருக்குக் கொஞ்ச காலம் தளர்ச்சியைத் தாங்கிப் பிடிக்கின்றன. மூளையின் படிவை அகற்றும் லெகனெமாப் 2023-இலும் டொனனெமாப் 2024-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. இவை தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். தேய்வைச் சற்று மெதுவாக்கும். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். ஆரவாரத்தை அடக்கவென்று கொடுக்கும் மனநோய் மருந்துகளில் எச்சரிக்கை தேவை. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை இறப்பு அபாயத்தைக் கூட்டும் என்று 2005-லேயே அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரித்தது.

கூலி வேலைக்காரர் வீட்டுக்கு எட்டக்கூடிய நல்ல மருந்துகள் எளியவை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். கண்புரையை நீக்கி, காதைப் பார்த்து, தினமும் நடக்க வைத்து, பேச ஆள் இருக்கும்படி செய்தால் அதுவே பெரிது.

ஒரு நாள் கூலியும் ஒரு நாள் பராமரிப்பும்

உலகில் மறதி நோயுள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தார் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து மணி நேரம் அதற்குச் செலவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது. செய்த உருப்படிக்குத் தகுந்த கூலி வாங்கும் வீட்டில் இதன் பொருள் உடனே தெரியும். அம்மாவைப் பார்க்க என் தம்பி மனைவி வெடி ஆபீசுக்குப் போவதை நிறுத்தினார். அந்தக் கூலி நின்றது. முன்பணம் வாங்கியிருந்த கடன் நிற்கவில்லை. அவர் இரவில் மூன்று தடவை எழுகிறார். “அத்தை என்னைத் திட்டுனாலும் பரவாயில்ல, அடையாளம் தெரியாமத் திட்டுறதுதான் நோகுது” என்று ஒருமுறை அழுதார். அந்த உழைப்புக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் கிடையாது.

இந்த வட்டாரத்தில் இன்னொரு கணக்கும் விடுபட்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்தில் 38 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில், 2023 அக்டோபரில் ரெங்கபாளையத்தில் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு விபத்திலும் இறந்தவரை எண்ணுகிறோம். அவரை நம்பியிருந்த கிழத் தாய்க்கு இனி யார் கஞ்சி ஊற்றுவது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

எங்கள் ஊர் வீடுகளுக்கென்றே சில எச்சரிக்கைகளும் உண்டு. தீப்பெட்டியும் வெடித்திரியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. வீட்டில் வைத்து வெடி சுற்றுவது சட்டவிரோதம். மறதி நோயுள்ளவர் இருக்கும் வீட்டில் அது உயிரோடு விளையாடுவது. சிலிண்டரை உபயோகித்தவுடன் அடைக்க வேண்டும். கிணற்றுக்கு மூடி வேண்டும். அர்ச்சுனா நதி அணைப் பக்கமோ கண்மாய்ப் பக்கமோ நடந்துவிடக்கூடியவர் என்பதை டீக்கடைக்காரர், பேருந்து நடத்துநர், ஆபீஸ் வண்டி டிரைவர் எல்லோரிடமும் வெட்கப்படாமல் சொல்லி வைக்க வேண்டும். புடவை முந்தியில் அலைபேசி எண்ணைத் தைத்து வைக்கலாம். அண்மைப் படம் ஒன்று கையில் இருக்கட்டும்.

பேச்சிலும் ஒரு முறை உண்டு. நடந்ததை நினைவில் வைக்கும் மூளைப்பகுதி முதலில் சிதைகிறது. கை பழகிய வேலையைத் தாங்கும் பகுதி நெடுநாள் நிற்கிறது. எனவே “அதான் சொன்னேனே” என்று வாதாடுவதில் பயனில்லை. கையில் வேலை கொடுப்பதில் பயனுண்டு. வெற்று அட்டையைக் கொடுத்தால் அம்மா இன்றும் மேல்பெட்டியை மடித்து அடுக்குகிறார். அந்த அரை மணி நேரம் அவர் முகத்தில் கலக்கம் இல்லை.

பேச்சு போய்ச் சேர்ந்த இடம்

இனி, நாங்கள் வாய்விட்டுப் பேசத் தயங்குவதைப் பேச வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்தது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உடலைக் குளிரவிட்டுச் சாகவிடுவது. 2010-இல், தன் குடும்பம் இதற்கு நாள் பார்ப்பதையும் நிலத்தைப் பங்கிடப் பேசுவதையும் கேட்டுவிட்ட எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தப்பி உறவினர் வீட்டில் அடைக்கலமானார். அந்தச் செய்தி நாடெங்கும் போனது. பிரியா கிருஷ்ணசாமியின் ‘பாரம்’, மதுமிதாவின் ‘கே.டி.’, ஜெயபிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘தலைக்கூத்தல்’ என்று திரைப்படங்கள் இதைத் தொட்டன. ‘பாரம்’ தேசிய விருதும் பெற்றது.

இதைச் செய்தவர்களை ராட்சசர்கள் என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் கூலிக்குப் போக வேண்டிய வீட்டில் உதவிக்கு ஆளில்லாமல், வலி தணிக்க மருந்தில்லாமல் மாதக்கணக்கில் கிடப்பவரைப் பார்த்துப் பார்த்து ஒடிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படியிருந்தாலும் இது கொலைதான். அன்பு என்றும் விடுதலை என்றும் பெயர் சூட்டினாலும் கொலைதான். எண்ணெய் தேய்ப்பது நம் வீடுகளில் அன்பின் செயல். அந்த அன்பின் உடையைச் சாவுக்குப் போட்டுவிட்டதுதான் இதில் எனக்குப் பொறுக்க முடியாதது. நினைவு குலைந்தவரால் சம்மதிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றது. நோயாளி தெளிவோடு இருக்கையில் அதை உயிலாக எழுதிவைக்கலாம்; எப்படியானாலும் அது மருத்துவக் குழுக்களின் ஒப்புதலுக்குக் கட்டுப்பட்டது. வீட்டு முற்றத்தில் உறவுக்காரர்கள் கூடி முடிவெடுப்பதற்கு அதில் இடமில்லை.

‘வயசானா அப்படித்தான்’ என்று தொடங்குகிற பேச்சு, ‘இனி இருந்து என்ன செய்ய’ என்று வளர்ந்து, இந்த முற்றத்தில் முடிகிறது. அதனால்தான் அதன் முதல் படியிலேயே தடுக்கச் சொல்கிறேன்.

சட்டமும் அரசும்

2007-இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளிடம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிய சொத்தை வைத்துக்கொண்டு கைவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பெற்றோருக்குச் சாதகமாக விரித்துப் பொருள் சொன்னது. முதியவரைக் கைவிட்டுப் போவது மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். மறதி தொடங்கும்போதே, தெளிவு இருக்கையிலேயே, உயில், வங்கி நியமனம் எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி முடித்துவிட வேண்டும். தெளிவு போனபின் வாங்கும் கைநாட்டு பிறகு வழக்காகும், பாவமும் ஆகும். முதியோருக்கான உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. பார்த்துக்கொள்கிறவரும் இரண்டாவது எண்ணில் பேசலாம்.

முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தது. ஆனால் ஆனைக்குட்டத்திலிருந்து கிண்டி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாரம் ஒருநாள் அங்கே நினைவுக்கென்று தனிப் பிரிவு நடக்கட்டும். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கூடவே நினைவைப் பற்றி நான்கைந்து கேள்வியையும் அவர்கள் கேட்கட்டும். 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை மருந்துக்கே போய்விடுகிறது. கூலியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறவருக்கென்று தனித்தொகை வேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெண்கள் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் எழுதியது. தாய் வேலைக்குப் போக வேண்டுமானால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற எளிய உண்மையை அன்றே ஏற்றார்கள். மருமகள் வேலைக்குப் போக வேண்டுமானால் மாமியாரைப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும். ஊருக்கு ஒரு பகல் இல்லம், சுற்றுச்சுவரும் சமையலும் பயிற்சி பெற்ற இரண்டு பெண்களும் இருந்தால் போதும். கோடிக்கணக்கில் புரளும் இந்தத் தொழில், தன்னை வளர்த்த கைகளுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் இது.

அம்மா இன்னும் நான்கு மணிக்கு எழுகிறார். வண்டி வராது என்று நான் இப்போது சொல்வதில்லை. “மேகம் போட்டிருக்கும்மா, இன்னைக்கு வேலை இருக்காது” என்கிறேன். மழை நாளில் ஆபீஸ் கிடையாது என்பது அவருக்கு இன்னும் தெரியும். தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

போன வாரம் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் வந்திருந்தார். அவர் அப்பா, முப்பது ஆண்டு சீட்டுப் பிடித்தவர், வந்த பணத்தையே வரவில்லை என்று சண்டை போடுகிறாராம். சொல்லிவிட்டு அவரே முடித்தார்: “என்ன செய்ய, வயசானா அப்படித்தான்.” அவரை உட்கார வைத்தேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக் கொடுத்து, “எப்போ இருந்து இப்படி இருக்காருன்னு யோசிச்சு எழுதுங்க தம்பி, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாரேன்” என்றேன்.